மூன்றாவது சிலிண்டர்

நேரில் அண்ணே என்பார்கள், முதுகுக்குப் பின்னால் காதுக்காரர் என்பார்கள். அதில் கேலி இல்லை. டீசல் வண்டி பழுது பார்க்கும் ஷெட் ஒன்றில் அவர் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் தவறாமல் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நீளமான திருப்புளி ஒன்றை ஓடும் இன்ஜினின் மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு நிமிடம் கழித்து "எடுக்கலாம்" என்பார். இல்லையென்றால் கையை உதறிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். காரணம் கேட்ட ஒருவரிடம், "டாக்டர் நெஞ்சுல குழாயை வெச்சா, நீ அதைப் பிடுங்கி உன் காதுல மாட்டிப் பார்ப்பியா?" என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

அவரைச் சிறந்த மெக்கானிக் என்று சொல்லிவிட முடியாது. கை மெதுவு. கழற்றிய நட்டுகளில் ஒன்றையாவது தொலைத்துவிட்டு மற்றவர்கள் பெட்டியில் தேடுவார். நாளுக்கு நான்கு முறை டீ. ஆனால் இன்ஜினுக்குள் தேய்ந்துகொண்டிருக்கும் ஒரு பேரிங்கை, அது உடைவதற்கு மூன்று மாதம் முன்பே கேட்டுச் சொல்வார். அது மட்டும் உண்மை.

அந்தக் காது போய் இரண்டு வருடமாகிறது.

முதலில் கைப்பேசியின் அலாரம் கேட்காமல் போயிற்று. மனைவி உலுக்கி எழுப்ப ஆரம்பித்தாள். பிறகு பேச்சு கேட்டது, வார்த்தை பிரியவில்லை. ஈரத்தில் ஊறிய காகிதத்தைப் பிரித்துப் படிப்பதுபோல ஆயிற்று. யாரிடமும் சொல்லாமல் இரண்டு ஊர் தள்ளி ஒரு மருத்துவரைப் பார்த்தார். இத்தனை வருட இன்ஜின் சத்தத்தில் உள்ளே நரம்பு செத்துவிட்டது, கருவி வைத்தால் சத்தம் பெரிதாகும், தெளிவாகாது என்றார் மருத்துவர். மெல்லிய, கூரிய ஒலிகள் இனி வராது. வண்டிச் சத்தத்தில் அவருக்கு வேண்டியிருந்தவை அந்த ஒலிகள்தான்.

ஷெட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. யாராவது கூப்பிட்டால் போனார். திருப்புளியை ஊன்றினார், கண்ணை மூடினார். தூரத்தில் லாரிகள் போவதுபோல ஒரே இரைச்சல். கண்ணைத் திறந்து புகையின் நிறத்தைப் பார்த்தார், ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தார், விற்கிறவரின் முகத்தைப் பார்த்தார், ஏதோ ஒன்றைச் சொன்னார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பெரும்பாலான வண்டிகள் சுமாராக ஓடத்தானே செய்கின்றன.

அவர் சொல்லை நம்பி முட்டைக்காரர் ஒருவர் வண்டி எடுத்தார். ஐந்தாம் மாதம் நெடுஞ்சாலையில், நடுப்பகலில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பின்னால் அடுக்கடுக்காக முட்டை. சண்டைக்கு வருவார் என்று காதுக்காரர் மூன்று நாள் காத்திருந்தார். நான்காம் நாள் முட்டைக்காரர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"நான்தான் அண்ணே ஆயிலைக் கவனிக்கல போல இருக்கு. எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க. உங்க காது சொன்னது தப்பாகுமா?"

வாயைத் திறந்து சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவர் சொன்னது வேறு: "ஆயில் முக்கியம்ப்பா."

எனக்குக் காது கேக்காது என்ற மூன்று சொற்களை அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த வருடம் முதலாளி ஷெட் இருந்த இடத்தை விற்றுவிட்டார். வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். காதுக்காரருக்கு ஐம்பத்துநான்கு வயது. இந்த வயதில் புது ஷெட்டில் சேர்த்துக்கொள்வதென்றால் கைக்காகச் சேர்க்கமாட்டார்கள், காதுக்காகத்தான் சேர்ப்பார்கள். இரண்டு இடங்களில் கூப்பிட்டார்கள். இரண்டையும் மறுத்தார். கிராக்கி பண்ணுகிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை செய்தாள். படுக்கை விரிப்புகளும் திரைகளும் நோயாளிகளின் உடைகளும் மூன்று கட்டடங்களிலிருந்து மூட்டைகளாக வரும், வெளுத்துத் திரும்பிப் போகும். மூட்டை ஏற்றுகிற வண்டிக்காரர் ஓய்வு பெறுகிறார். சொந்தமாக ஒரு பிக்கப் வைத்திருப்பவருக்கு அந்த வேலை. மேற்பார்வையாளர் அம்மாவிடம் மனைவி பேசிவிட்டாள்.

"ஒண்ணாம் தேதி வண்டியோட வந்து நிக்கணும்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டாங்களாம்" என்றாள், எதிரில் வந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி. இப்போதெல்லாம் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவதில்லை. அதை அவர் கவனித்திருக்கவில்லை.

மூட்டை ஏற்ற, இறக்க, ஓட்ட, காது வேண்டாம். யாரும் எதையும் கேட்டுச் சொல்லும்படி கேட்கமாட்டார்கள். உடம்பு ஓடும்வரை ஓடும் வேலை. ஷெட் மூடியபோது கைக்கு வந்ததெல்லாம் போட்டால் பழைய வண்டி ஒன்று எடுக்கலாம். ஒரே ஒரு வண்டி. அது காலை வாரினால் அடுத்தது கிடையாது.

கட்டில்காரர் தன் பிக்கப்பை விற்கப்போவதாகச் சொன்னார். அவர் மரக்கட்டில் செய்து விற்பவர். முதுகெலும்பில் ஏதோ நகர்ந்துவிட்டது, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"தரையில படுக்கணுமாம் அண்ணே. ஊருக்கெல்லாம் கட்டில் போட்டவனுக்குக் கிடைச்ச தண்டனையைப் பாருங்க" என்று சிரித்தார். பிறகு வண்டியின் பக்கவாட்டைத் தட்டினார். "இதை உங்ககிட்ட நான் என்ன சொல்லி விக்கறது? நீங்க கேட்டு எடுக்கலாம்னு சொன்ன வண்டி. நான் பின்னால பலகை ஏத்தினதைத் தவிர இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

ஒன்றரை வருடத்துக்கு முன்பு இதே கட்டில் பட்டறை வாசலில் நின்று, எடுக்கலாம் என்று சொன்னவர் காதுக்காரர்தான். அன்றைக்கும் கேட்டது அந்த இரைச்சல்தான். பொய் சொல்கிற வியாபாரியாக இருந்தால் அவன் பொய்யையாவது எடைபோடலாம். இவர் நல்லவர், இவருக்குத் தெரிந்ததெல்லாம் காதுக்காரர் சொன்னது. அப்படியானால் அந்த வண்டியைப் பற்றி உலகத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

"காலையில வந்து நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. இரும்பு குளிர்ந்திருக்கும்போதுதானே பார்ப்பீங்க. நான் எழுந்தே வரமாட்டேன்" என்று சாவியைக் கையில் வைத்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு மனைவியும் உடன் வந்தாள். ஏழு மணி ஷிஃப்டுக்கான நீல மேலங்கியைப் போட்டிருந்தாள்.

"நீ எதுக்கு?"

"மூட்டை எவ்வளவு பிடிக்கும்னு பார்க்கணும் இல்லையா?"

பட்டறையில் கால் மட்டும் பொருத்திய கட்டில்கள் சுவரில் சாய்ந்திருந்தன. தரையெங்கும் இழைப்புச் சுருள். பானெட்டின் மேல் புறங்கையை வைத்தார். கல்போலக் குளிர்ந்திருந்தது, யாரும் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கவில்லை. மூன்றாவது திருப்பில் இன்ஜின் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து தெளிந்தது. ஆயில் மோசமில்லை. இதுவரை கண்ணுக்குத் தெரிவது. பிறகு திருப்புளியை எடுத்தார்.

இன்ஜினின் மேல்புறம் ஒரு இடத்தில் ஊன்றினார், பக்கத்தில் ஊன்றினார், கீழே ஊன்றினார். காதை மாற்றினார். எலும்பு வழியாகச் சத்தம் போகும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து, மனைவி அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது பிடியைப் பல்லால் கடித்தார். பல் அதிர்ந்தது. தாடை அதிர்ந்தது. நெற்றிவரை அதிர்ந்தது. கேட்கத்தான் இல்லை.

நிமிர்ந்தபோது மனைவி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டினாள்.

"குடுங்க."

"உனக்கு இதுல என்ன தெரியும்?"

"தெரியாது. எனக்குக் கேக்கும்."

அவர் இன்ஜினை அணைக்கப் போனார், அணைக்கவில்லை.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"கதவைத் தட்டினா நான்தானே போய்த் திறக்கறேன். ரெண்டு வருஷமா."

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். அப்புறம், சொல்லாம இருக்கறதுல உங்களுக்கு ஏதோ இருக்குன்னு விட்டுட்டேன்."

திருப்புளியைக் கொடுத்தார். எங்கே ஊன்ற வேண்டும், விசிறியில் அங்கி மாட்டாமல் எப்படி நிற்க வேண்டும் என்று காட்டினார். அவள் காதை வைத்து முகத்தைச் சுளித்தாள்.

"ஐயோ, எவ்வளவு சத்தம்! இதைப் போயா கண்ணை மூடிக் கேட்டீங்க?"

"சத்தத்தை விடு. சத்தத்துக்கு அடியில ஏதாவது இருக்கா?"

வெகுநேரம் கேட்டாள். "பொத்தான் வெச்ச கோட்டை மெஷின்ல போட்டா சுத்தும்போது தட்டுமே, அது மாதிரி ஒண்ணு. நிக்காமத் தட்டுது."

அவர் முகம் மாறியது. ஸ்பானரை எடுத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். தளர்த்திய சிலிண்டர் வேலை செய்யாது. தட்டுகிற சத்தம் எந்தச் சிலிண்டரோடு அடங்குகிறதோ அங்கேதான் கோளாறு.

"இப்போ?"

"இருக்கு."

முதலாவதை இறுக்கி இரண்டாவதைத் தளர்த்தினார். "இப்போ?"

"இருக்கு."

"இப்போ?"

"இல்ல. போயிடுச்சு."

"நிஜமா?"

"நிஜமாத்தான். மறுபடி இறுக்குங்க. ஆ, வந்துடுச்சு பாருங்க!" என்று சின்னப் பெண்போலச் சொன்னாள். ஒரு கணம் இருவருமே மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

மூன்றாவது சிலிண்டர். ஆனால் அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். டீசலைப் பீய்ச்சும் ஊசி பழுதென்றால் அரை நாள் வேலை, மாற்றிவிட்டால் பத்து வருடம் ஓடும். அடியில் பேரிங் பழுதென்றால் இரண்டு மாதமோ மூன்று மாதமோ. அதன் பிறகு முட்டைக்காரரின் நெடுஞ்சாலைதான். ஊசி என்றால் கூர்மையாகத் தட்டும். பேரிங் என்றால் மொண்ணையாகத் தட்டும். வித்தியாசம் அவ்வளவே.

"கூர்மையா இருக்கா, மொண்ணையா இருக்கா?"

"சத்தத்துல மொண்ணைன்னா என்ன?"

அவர் சுற்றிலும் பார்த்தார். மரத்தைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியின் இரும்பில் ஸ்பானரால் தட்டினார். "இது கூர்மை." பிறகு கட்டில் கால் ஒன்றில் தட்டினார். "இது மொண்ணை." தன் கை இரண்டு இடங்களில் விழுவதைப் பார்த்தார். அவருக்கு வந்தது ஒரே சத்தம். எதற்கு எது உதாரணம் என்று பழைய நினைவில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மறுபடி தட்டுங்க." அவள் இன்ஜினில் காதை வைத்தாள், அவர் தட்டுவதைக் கேட்டாள், திரும்ப வைத்தாள். "இரும்பு மாதிரிதான் இருக்கு… இல்ல, இருங்க. கட்டை இல்லைன்னும் சொல்ல முடியல."

"ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கு."

"நடுவுலன்னு ஒண்ணு கிடையாது."

"கேக்கறது நானா நீங்களா?" சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில், ஆனால் முகத்தை நேராக வைத்துக்கொண்டு பேசினாள். "இந்த வேலை உங்களுக்குக் கிடைக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசை காதுல வந்து உக்காந்துக்குது. இரும்புன்னு சொன்னா வண்டி வாங்கிடுவீங்கன்னு தெரிஞ்சதிலேருந்து எனக்கு இரும்பாவே கேக்குது. நான் எதைச் சொன்னாலும் நம்பாதீங்க."

நேர்மையான பதில். அதனால் எந்தப் பயனும் இல்லை.

"உங்க ஷெட் ஆளுங்க யாரையாவது கூட்டிட்டு வந்து கேக்கச் சொன்னா என்ன?"

"காதுக்காரன் இன்னொருத்தன் காதைக் கடன் வாங்கினான்னு சாயங்காலமே ஊரெல்லாம் தெரியும்."

"தெரியட்டுமே!"

"முட்டைக்காரன் வந்து நிப்பான்." பிறகு முட்டைக்காரர் கதையைச் சொன்னார், ஆயில் முக்கியம் என்று தான் சொன்னது உட்பட. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கேட்டு முடித்துவிட்டு, இழைப்புச் சுருள் ஒன்றைக் காலால் தள்ளினாள். "பாவம் அந்த மனுஷன்" என்றாள். எந்த மனுஷன் என்று அவர் கேட்கவில்லை.

கட்டில்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார். "வரமாட்டேன்னு சொன்னேன், பொறுக்க முடியல. வாங்க அண்ணி. என்ன அண்ணே, என்ன சொல்லுது உள்ள?"

"தம்பி, எனக்குக் காது கேக்காது."

"ம்?"

"ரெண்டு வருஷமாச்சு. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

கட்டில்காரர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முதுகு வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். "விலையைக் குறைக்க யார் யாரோ என்னென்னவோ சொல்லிப் பார்த்திருக்கேன். செவிடுன்னு சொல்லிக் குறைக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கறேன். நான் பேசறது கேக்குதுதானே?"

"உன் பேச்சு கேக்குது. இன்ஜின் கேக்கல."

"நல்லா இருக்கே! சின்னச் சத்தம் கேக்குமாம், பெரிய சத்தம் கேக்காதாம்."

"அவர் விளையாடல தம்பி" என்றாள் மனைவி.

"இந்த வண்டியை நீ வாங்கினப்பவும் எனக்குக் கேக்கல" என்றார் காதுக்காரர்.

சிரிப்பு போய்விட்டது. "அப்போ என்னத்தை வெச்சு எடுக்கலாம்னு சொன்னீங்க?"

"புகையைப் பார்த்தேன். ஆயிலைப் பார்த்தேன்."

"அதை நானும்தானே பார்த்தேன்."

கட்டில்காரர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் வருவதும், வந்த கோபம் உட்கார இடமில்லாமல் திரும்பிப் போவதும் தெரிந்தது. கோபப்பட்டால் நம்ப வேண்டியிருக்கும். நம்பினால், ஒன்றரை வருடம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எதன்மேல் உட்கார்ந்து ஓட்டினோம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். அவர் வேறு வழியைக் கண்டுபிடித்தார்.

"இல்ல அண்ணே. உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். உள்ள என்னமோ கேட்டிருக்கு உங்களுக்கு. வாயால சொன்னா நான் நொந்துபோவேன்னு பழியை உங்க மேலயே போட்டுக்கறீங்க. எதுக்கு அண்ணே? வேணுமா, வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க."

ஆக, சொல்லியாகிவிட்டது, சொன்னது எங்கும் போய்ச் சேரவில்லை. இரண்டு வருடம் பொய்யை ஒரு வார்த்தை மாறாமல் நம்பியவர்கள், உண்மையை ஒரு மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

காதுக்காரர் இன்ஜினை அணைத்தார். வேண்டும் என்றால் பத்து வருடம், அல்லது இரண்டு மாதம். வேண்டாம் என்றால் ஒன்றாம் தேதி. மனைவி பட்டறைச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க அதுதான் வசதி. தூக்கிப் போட்டுப் பார்க்க ஒரு நாணயம் இருந்தாலும் போதும் என்று காதுக்காரருக்குத் தோன்றியது. முட்டைக்காரருக்கு அவர் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். அதையே இனித் தனக்கும் மனைவிக்கும் செய்ய வேண்டும். அவரால் முடியவில்லை. அதைத் துணிவு என்றோ நேர்மை என்றோ சொல்வது சரியாக இருக்காது. பயந்துவிட்டார்.

"வேணாம் தம்பி."

"அவ்வளவுதான். எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றார் கட்டில்காரர்.

வண்டியைப் பார்க்க அந்த வாரம் மூன்று பேர் வருவதாக இருந்தது. காதுக்காரர் தனக்கென்று வந்து கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்ற பேச்சு முன்னால் போய்விட்டது. மூவரும் வரவில்லை. மாதக் கடைசியில் ஒரு பழைய இரும்புக்காரர் வந்து, கயிறு கட்டி இழுத்துப் போனார். அங்கே வண்டிகளைப் பிரிப்பது எடைக்காக. மூன்றாவது சிலிண்டரின் அடியில் பேரிங் எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. காதுக்காரர் ஒரு நாள் அங்கே போய்க் கேட்டார். "எந்த வண்டி?" என்றார்கள்.

ஒன்றாம் தேதி சலவைக் கூடத்துக்கு வேறொருவர் வண்டி வந்தது. மேற்பார்வையாளர் அம்மா நிஜமாகவே வருத்தப்பட்டார். மனைவி அந்த வண்டியில்தான் தினமும் மூட்டைகளை ஏற்றிவிட்டாள்.

அவர் பெயர் முன்னைவிடப் பெரிதானது. நண்பன் வண்டியாக இருந்தாலும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்பவர், காது கேட்காது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தாராம், அவ்வளவு தங்கமான மனுஷன், என்று கட்டில்காரரே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் தேடி வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்த மூன்று பேரிடமும் உண்மையைச் சொன்னார். மூவரும் சிரித்துவிட்டு, எப்போது வரலாம் என்று கேட்டார்கள். வீட்டில் ஒரு சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது. நான்காவது ஆளிடம் அவர் உண்மையைச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்றார்.

ஒரு மாலை அவர் உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் மனைவி யாரிடமோ பேசுவது கதவிடுக்கில் தெரிந்தது. தலையை ஆட்டினாள், கையை விரித்தாள். தெருவில் ஒரு பிக்கப் நின்றது. அதன் புகைக்குழாய் நடுங்கிக்கொண்டிருந்ததால் இன்ஜின் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டார். பிறகு அது கிளம்பிப் போயிற்று. அவள் உள்ளே வந்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னே?"

"நீங்க வீட்டுல இல்லைன்னு சொன்னேன்."

"போயிட்டாங்களா?"

"நாளைக்குக் காலையில வராங்களாம். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி வெச்சுக் குளிர்ந்தபடியே கொண்டு வராங்களாம்."

"நாளைக்கும் இல்லைன்னு சொல்லிடு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக உச்சரித்தாள்.

"நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்டு."